எலுமிச்சைத் தோட்டத்துத் திறப்பு

அகஸ்ரின், மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரர். பகேரியா என்ற இத்தாலிய ஊரில் ஒரு பழைய வில்லா மாளிகையின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, நகரத்துப் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் மனைவி அனிற்றாவோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. அனிற்றாவுக்குப் புற்றுநோய் வந்து, விரல்கள் மெலிந்துபோயிருந்தன.

"வீட்டுக்குள்ளையே கிடந்தால் விசர் பிடிக்கும், என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று ஒருநாள் அவரோடு ரயிலேறித் தோட்டத்துக்கு வந்தாள். எலுமிச்சை மரங்களுக்கடியில் கொஞ்சநேரம் களை பிடுங்கினாள். வீடு திரும்பிக் கை கழுவும்போதுதான் கல்யாண மோதிரம் கழன்று விழுந்தது தெரிந்தது.

"போனால் போகட்டும்" என்றாள். ஆனால் படுத்திருக்கும்போதெல்லாம் அந்த வெறும் விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அகஸ்ரினால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவருடைய கூட்டாளி றொஜர், மொண்டெல்லோக் கடற்கரை மணலில் சில்லறை தேட ஒரு மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தான். அகஸ்ரின் அதை இரவல் வாங்கி, வில்லாக்கார அம்மாவிடம் கேட்டுக்கொண்டு தேடத் தொடங்கினார். ஆணியும் போத்தல் மூடியும்தான் அகப்பட்டன. ஒருநாள் மரமொன்றின் வேரோரம் மெஷின் பலமாகக் கூவியது. கையாலேயே மண்ணைக் கிளறினார். வந்தது மோதிரமில்லை. பச்சைக் களிம்பேறிய, சுண்டுவிரல் நீளமான ஒரு பூட்டுத் திறப்பு.

அனிற்றா அதைக் கண்டதும் எழும்பி உட்கார்ந்தாள்.

"இஞ்சேருங்கோ, இது இந்தக் காலத்துத் திறப்பில்லை. ஆரோ ஒரு மனுசி இதைத் துலைச்சுப்போட்டுத் தேடியிருப்பாள். தெரிஞ்ச ஆக்களிட்டைக் காட்டுவம்."

"ஏனப்பா வீண் கரைச்சல்?"

"ஒளிச்சு வைச்சால்தான் கரைச்சல்."

தொல்பொருள் அலுவலகத்துக்குப் போன் எடுத்ததும் அவள்தான். அடுத்தநாள் ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கே வந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தண்டு உள்ளே துளையாக இருக்கிறது, பாருங்கள். பூட்டுக்குள் இருக்கும் முள் இதற்குள் போகும். கதவுக்கு இது மிகவும் சின்னது. ஏதோ நகைப்பெட்டியின் திறப்பு. பிடியின் வடிவத்தைப் பார்த்தால் எழுநூறு வருடமாவது இருக்கும்."

அனிற்றா கையை நீட்டினாள். அதிகாரி திறப்பை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"பாத்தீங்களே, மனுசியின்ரைதான்!" அனிற்றா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

திறப்பை வாங்கிக்கொண்டு புறப்படும்போது அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இனி அங்கே யாரும் தோண்டக் கூடாது. மெஷினும் வைக்கக் கூடாது. அது சட்டம்."

"சின்யோரா, இவவின்ரை மோதிரம் அங்கைதான் கிடக்குது" என்று அகஸ்ரின் அதிகாரியிடம் சொன்னார்.

"நாங்கள் ஆய்வு செய்யும்போது கிடைத்தால் கட்டாயம் தருவோம். வசந்தத்தில் தொடங்குவோம்."

அவள் கிறிஸ்மசுக்கு அப்பால் இருப்பாள் என்று வைத்தியர்கள் சொல்லியிருக்கவில்லை.

அதிகாரி படியிறங்கியதும் அகஸ்ரின் சப்பாத்தை மாட்டினார். "நான் இப்பவே போய்த் தேடிப்போட்டு வாறன். ஒருத்தருக்கும் தெரியாது."

அனிற்றா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். பிடிச்சால் உங்கடை வதிவிடப் பெர்மெஸ்ஸோவைப் பறிச்சு ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள். நீங்கள் பக்கத்திலை இல்லாமல் என்னாலை சாகேலாது."

அவர் போகவில்லை. டிசம்பர் தொடக்கத்தில், அவர் பக்கத்தில் இருக்க, அனிற்றா இறந்துபோனாள். கோயில் ஆட்கள் புது மோதிரம் ஒன்று போட்டுவிடலாம் என்றார்கள். அகஸ்ரின் சம்மதிக்கவில்லை. வெறும் விரலோடுதான் அவளை அடக்கம் செய்தார்கள்.

வசந்தத்தில் தோண்டினார்கள். உடைந்த சட்டிகளும் பூட்டுத் தகடொன்றும் கிடைத்தன. மோதிரம் கிடைக்கவில்லை. திறப்பை அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள் என்று அதிகாரி போனில் அழைத்தார். "ஓம், வாறன்" என்றவர் போகவேயில்லை. தோட்டத்து வேலையையும் விட்டுவிட்டு, மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சேர்ந்தார்.

அங்கே ஒருநாள் அவரைப் பார்க்க வந்த றொஜர் யோசியாமல் கேட்டுவிட்டான். "அண்ணை, திறப்பைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருந்தால் மோதிரம் கிடைச்சிருக்கும், என்ன?"

அகஸ்ரின் கணவாய் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். "கிடைச்சிருக்குமோ தெரியாது" என்றார். "அவள் கண் மூடுமட்டும் அங்கை தேடிக்கொண்டு நிண்டிருப்பன். அவளுக்குப் பக்கத்திலை இருந்திருக்கமாட்டன்."

கத்தியை வைத்துவிட்டு, அடக்கத்தன்று வராத அழுகையெல்லாம் வர, அங்கேயே நின்று அழுதார்.