கண்ணாயி ஏறுவாளா?

"ஏனுங்க்கா, ஏறுறீங்களா, இல்லீங்களா? டைம் ஆச்சுங்க" என்று கண்டக்டர் மறுபடியும் கேட்கிறார். மேனகா பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஏரிக்கரை ஸ்டாப்பில் நிற்கும், வாழவந்தி போகும் பஸ்ஸின் முன்வாசலுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து முதல் படிவரை டேப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பையும் கூடையுமாக வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறார்கள். அளவு மனத்தில் பதிந்ததும் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, "போலாமுங்க" என்று பஸ்ஸுக்கு அனுமதி கொடுக்கிறார். அவர் அந்த பஸ்ஸில் எங்கும் போவதாக இல்லை.

ஏரிக்குப் போகும் சாலையில் மேனகாவுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. வாரம் முழுவதும் ஊராருடைய ஆதார் அட்டைகளைப் பெரிதாக்கியும் பத்திரங்களைச் சிறிதாக்கியும் கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடையின் ஷட்டர் பாதி இறங்கிவிடும். பின்னறையில் விளக்கு எரியும். அதுதான் சேர்வராயன் மாடல் கிளப். எஸ்டேட் ரைட்டர் சூசைமாணிக்கம் பூசை முடிந்த கையோடு வந்துவிடுவார். மாரமங்கலத்திலிருந்து ஜீப் டிரைவர் சின்னராஜ் வருவார். இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் மீசை நரைக்கத் தொடங்கியவர்கள், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர்கள். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, விரல்நகம் அளவு ஜன்னலுக்குக் கம்பி ஒட்டுவார்கள்.

கடையில் விற்கிற ரெடிமேட் பாகங்களை வாங்கி ஒட்டும் வழக்கம் இந்த கிளப்பில் கிடையாது. லேமினேஷன் பிளாஸ்டிக்கின் கழிவு பஸ் கண்ணாடியாகிறது. மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகட்டைச் சீப்பின்மேல் வைத்துத் தேய்த்தால் தகரக் கூரை. சில்வர் ஓக் மரத்துப் பாசியைக் காயவைத்தால் காப்பிச் செடி. காப்பி காயும் களத்துக்கு வறுத்த ரவையைப் பரப்பினார்கள். மறு ஞாயிறு வந்து பார்த்தால் களம் காலி, எறும்புச் சாரை மட்டும் சுவரோரம் போய்க்கொண்டிருந்தது. "எந்த எஸ்டேட்லயும் இவ்வளவு பெரிய திருட்டு நடந்ததில்லீங்க" என்றார் சூசைமாணிக்கம். அதற்குப் பிறகு ரவைக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள்.

மேனகாவிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உண்டு. சுற்றுலா வந்தவர் ஒருவர் பின்னறையை எட்டிப் பார்த்து, "பொம்மை நல்லாருக்கே, என்ன விலை?" என்று கேட்டுவிட்டார். மேனகாவுக்குக் காது சிவந்தது. "பொம்மை போட் ஹவுஸ் பக்கம் கெடைக்குமுங்க. இங்க இருக்கறது அளவுங்க" என்று ஷட்டரை மீதிப் பாதியும் இறக்கிவிட்டார்.

அளவு என்றால் ஐம்பதில் ஒன்று. கோயிலானாலும் கோழிக்கூடானாலும் எல்லாம் அதே கணக்குதான். டேப் பிடித்து ஐம்பதால் வகுத்தால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்காகத்தான் மேனகா கண்ணாயியைச் செய்தார். காப்பிக் குச்சியில் செதுக்கிய பெண் உருவம், சுட்டுவிரலில் பாதி உயரம்கூட இருக்காது. இடுப்பில் கூடை, முகத்தில் லேசான சலிப்பு. வாழவந்தியிலிருந்து எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போகும் நிஜமான கண்ணாயியை நிற்கவைத்து அளந்து செய்தது. எந்த மாடல் முடிந்தாலும் மேனகா தன் கைப்பையிலிருந்து அவளை எடுத்து வாசலில் நிறுத்துவார். "கண்ணாயி நொழைவாளா? கண்ணாயி ஏறுவாளா?" நிலைப்படியில் தலை இடித்தால் மாடல் தோற்றது. அப்பீல் கிடையாது.

சின்னராஜின் பஸ் அப்படித்தான் தோற்றது. அவர் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து செய்த பஸ். கம்பிகளில் கைபட்டுக் கைபட்டுப் பெயின்ட் போன இடம்கூட அதில் தெரியும். கண்ணாயியைப் படியில் ஏற்றினார் மேனகா. வாசல் மேல்சட்டத்தில் தலை முட்டியது.

"ரூஃபைப் பிரிச்சுக் கட்டோணுமுங் தம்பி."

"அக்கா, நான் டிப்போவுக்கே போயி டேப்பு புடிச்சேனுங்க. அளவு சரிங்க."

"டேப்பு புடிக்கறது மனுசன். கை கொஞ்சம் தொய்யும். இவ தொய்ய மாட்டா."

மலைப்பாதையில் எதிரே லாரி வந்தால் ஒதுங்கி நிற்கிறவர் சின்னராஜ். ரூஃபைப் பிரித்தார், மறுபடி கட்டினார். அப்போதும் முட்டியது. மறுபடியும் பிரித்தார். மூன்றாவது ரூஃபில்தான் கண்ணாயி தலை நிமிர்ந்து ஏறினாள். அன்றைக்கு மேனகா எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

இந்த வருடம் கோடை விழாவில் கிளப்புக்கு முதல்முறையாக ஒரு ஸ்டால் கிடைத்தது. ஏற்காட்டுக்கே உரிய ஒன்றை வைக்க வேண்டும் என்று எஸ்டேட் கேட் ஸ்டாப்பைச் செய்தார்கள். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் கொட்டகை, காப்பிக் களம், தொழிலாளர்களின் லைன் வீடுகள், சாலையோரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஜனங்கள், நடுவே சின்னராஜின் பஸ். மேனகா அதைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வார். பெருமைதான். அதை மறைக்க அவருக்குத் தெரியாது, மறைக்க வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

விழாவுக்கு முந்தைய ஞாயிறு நர்ஸ் ஹரிணி தன் உருவத்தைக் கொண்டுவந்தாள். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் தங்களையே ஐம்பதில் ஒன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்பது கிளப் வழக்கம். மேனகா வாங்கிப் பார்த்தார். முடி, கோட்டு, கையில் ரத்த அழுத்தக் கருவியின் பை, எல்லாம் அருமை. கண்ணாயியின் பக்கத்தில் நிறுத்தினார்.

"உன்ற ஒசரம் கொறைஞ்சு போச்சே கண்ணு."

"நானும் அதாங்க்கா பாக்கறேன். கண்ணாயக்கா எங்க ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. நின்னாங்கன்னா என்ற காதுவரைக்கும்தான் வருவாங்க. இங்க என்னைய விட ஒசரமா நிக்கறாங்களே?"

சூசைமாணிக்கம் டேப்பை எடுத்து ஹரிணியை அளந்து, ஐம்பதால் வகுத்து, உருவத்தின்மேல் ஸ்கேலை வைத்தார். சரியாக இருந்தது. ஹரிணியின் உருவத்தை எடுத்துப் பல்பர் கொட்டகை வாசலில் வைத்தார்கள். நல்ல உயரமான பெண், கோட்டை வாசலில் வந்து நிற்கும் சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். சின்னராஜ் தன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். மேனகாவைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மேனகா வாழவந்தி பஸ்ஸில் நிஜமாகவே ஏறினார். கண்ணாயி வீட்டு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். சுவரோரம் நிற்கவைத்து அளந்தார் மேனகா. ஒருமுறை அளந்து, நம்பாமல் இன்னொருமுறை அளந்தார். பழைய அளவைவிட ஒரு சாண் குறைவாக இருந்தது.

"அன்னிக்கு நல்ல மழைங்க சாமி" என்றார் கண்ணாயி. "உங்க கடை வாசல்ல கொங்காணியோட ஒதுங்கினேன். நீங்க அதும் உச்சியில டேப்ப வச்சீங்க."

கொங்காணி என்பது மழைக்குத் தலைமேல் கூம்பாக மடித்துப் போட்டுக்கொள்ளும் சாக்கு. செதுக்கும்போது மேனகா சாக்கை விட்டுவிட்டார், உயரத்தை விடவில்லை. ஐம்பதில் ஒன்றாகக் குறைத்தாலும் ஒரு மிளகளவு மிச்சம் நின்றது. அந்த மிளகளவுக்குத்தான் கிளப்பின் வாசல்கள் எல்லாம் உயர்ந்திருந்தன.

"அப்பவே சொல்லியிருக்கலாமேங்க்கா!"

"எதுக்குங் சாமி சொல்லோணும்? இத்தன வருசத்துல என்னைய யாரு ஒசரமுன்னு சொன்னாங்க?" என்று சிரித்தார் கண்ணாயி. மேனகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் அழுதார்.

விழாவுக்கு வருகிறவர்களில் ஒருவருக்குக்கூட இது தெரியப்போவதில்லை. பூப்பார்க்க வந்தவர்கள் இரண்டு நிமிடம் நிற்பார்கள், செல்பி எடுப்பார்கள், போய்விடுவார்கள். மேனகாவின் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். சூசைமாணிக்கம் இன்னும் சுலபமான வழி சொன்னார். கண்ணாயியை மட்டும் காலில் கொஞ்சம் சீவிவிட்டால் போதும், வாசல்கள் அப்படியே இருக்கட்டும். அன்று மாலை எல்லாரையும் கடைக்கு வரச்சொல்லி மேனகா நின்றுகொண்டே பேசினார். அவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அதனால் அது ஒரு அறிவிப்பு மாதிரி இருந்தது.

"தப்பு என்னுதுங்க. நீங்க புடிச்ச டேப்பு அத்தனையும் சரி. தப்பா இருக்கறத நம்ம பேர் போட்டு வைக்க எனக்கு மனசு வரலீங்க. கொட்டகையையும் லைன் ஊடுகளையும் நான் எறக்கறேன். பஸ்..." அங்கே நிறுத்தி, பஸ்ஸின் ரூஃபை விரலால் தொட்டார். "பஸ்ஸுக்கு நான் எப்புடிங் கேக்கறது?"

சின்னராஜ் பஸ்ஸை எடுத்துத் துண்டில் சுற்றினார். ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் ஜெராக்ஸ் கடை திறக்கவில்லை. சீசன் நேரத்தில் இதென்ன கிறுக்கு என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மேனகா ஒவ்வொரு வாசலையும் அறுத்து இறக்கினார். ஹரிணி டியூட்டி முடித்து வந்து, சீப்பில் தேய்த்துத் தேய்த்துத் தகரம் செய்து கொடுத்தாள். மேனகா கண்ணாயியையும் புதிதாகச் செதுக்கினார், குட்டையாக, கூடையோடு. சின்னராஜிடமிருந்து மட்டும் சேதி இல்லை. சீசனில் ஜீப்புக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்று எல்லாரும் சமாதானம் சொன்னார்கள். மேனகா போன் பண்ணவில்லை. நாலாவது ரூஃபைக் கட்டச்சொல்ல எந்த வாயால் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பஸ் வராவிட்டால் அத்தனை ஜனமும் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதைவிட, சின்னராஜ் இனி வரவே மாட்டாரோ என்பதுதான் அவரை உறங்கவிடாமல் உறுத்தியது.

விழாவன்று ஸ்டாலுக்கு முன்னால் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். பத்து மணிக்குள்ளேயே கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்துவிட்டது. மலையின்மேல் பாசிச் செடி, களத்தில் எறும்பு தொடாத ரவை, சரியான உயரத்தில் வாசல்கள். சாலை மட்டும் காலி. "எப்பங்க தொறப்பீங்க?" என்று ஒருவர் கேட்டார். "கொஞ்சம் இருங்க" என்றார் மேனகா. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் கேட்டார். அவருக்கும் அதே பதில்தான்.

ஜனத்தை விலக்கிக்கொண்டு சின்னராஜ் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்து, துண்டைப் பிரித்தார். பஸ் இருந்தது. ரூஃப் தாழ்ந்திருந்தது. புதிதாக அடித்த பெயின்டின் ஈரவாசம்கூடப் போகவில்லை.

சாலை அவருக்கு எதிரேதான் இருந்தது. நேராகக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். அவர் வைக்கவில்லை. பஸ்ஸை இரண்டு கைகளிலும் ஏந்தி, மேனகாவின் பக்கமாக வாசலைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றார்.

"பாருங்க்கா" என்றார்.

புதுக் கண்ணாயி இருக்கும் கைப்பை மேனகாவின் தோளிலேயே இருந்தது. ஹரிணியும் சூசைமாணிக்கமும் அந்தப் பையையே பார்த்தார்கள். மேனகா சின்னராஜின் முகத்தைப் பார்த்தார். பிறகு பையைத் திறக்காமல் திரும்பிப்போய், கயிற்றை அவிழ்த்துவிட்டார்.