இயந்திரத்துக்குக் கைகொடுத்த உம்மு குல்சூம்

உம்மு குல்சூம் ராத்தாவுக்குத் தன்னோடு வேலை செய்கிற ஒருத்தி பின்தங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வராது. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு மன்னாரிலிருந்து வந்து, கற்பிட்டி வீதியோரம் குடிசை போட்ட எங்கள் சனத்தில் உப்பளத்து வேலைக்கு முதலில் போன பெண் அவர்தான். கணவர் மௌத்தான பிறகு பிள்ளைகளை வளர்த்ததும் உப்பை வாரித்தான். இளைய மகள் றிஷ்னா கைக்குழந்தையோடு வீட்டுக்குத் திரும்பி வந்தபோதும் அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில்தான்.

அவர் பின்னால் போன பெண்கள் தமக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். தன் பாத்தியை வாரி முடித்தவள் வீட்டுக்குப் போகமாட்டாள். முடிக்காதவளின் பாத்தியில் இறங்கிவிடுவாள். எல்லோரும் ஒன்றாகத்தான் கரையேற வேண்டும். நல்ல வழக்கம்தான். அதுவே அவர்களைக் கவிழ்த்தது என்று சொல்ல எனக்கு வாய் கசக்கிறது.

சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, தானாக இயங்கும் இயந்திரங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அரசாங்கம் காசு ஒதுக்கியது. ஆராய்ச்சி பல்கலைக்கழகத்துக்குள் முடங்காமல் சந்தைக்கு வர வேண்டுமாம். அதற்காகத் தொழில் நடத்தும் ஒருவரும் பங்காளியாகச் சேர வேண்டும் என்று விதி வைத்தார்கள். உப்பள முதலாளி பதியுதீன் ஹாஜியார் சேர்ந்துகொண்டார். இயந்திரத்தோடு வந்து இறங்கியவள் நிஸ்ரின். எங்கள் அகதி முகாமில் பிறந்து, படித்துப் பொறியியலாளர் ஆன பிள்ளை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெருமை.

நாலு சக்கரமும் முன்னால் ஒரு அகலப் பலகையுமாக இருந்தது அது. ஆள் இல்லாமல் தானே போகும், தானே திரும்பும், உப்பை வாரிக் கரையில் ஒதுக்கும். அது தயங்கித் தயங்கிப் போகிற நடையைப் பார்த்துப் பெண்கள் ‘புதுமாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள்.

கொழும்பிலிருந்து அதிகாரிகள் சோதிக்க வந்த நாளில், அது யாருடைய கையும் படாமல் ஒரு பாத்தியை முழுதாக வாரி முடிக்க வேண்டியிருந்தது. முடித்தால்தான் இரண்டாம் கட்டக் காசு. காலையில் அது கிளம்புவதைப் பார்த்துவிட்டு, ஹாஜியார் வீட்டுப் பகல் சாப்பாட்டுக்குப் போனார்கள். விளக்கம் சொல்ல நிஸ்ரினையும் கூட்டிப்போனார்கள். அவர்கள் போய்ச் சற்று நேரத்தில் புதுமாப்பிள்ளை பாத்தி நடுவில் புதைந்து, சக்கரம் சுற்றச் சுற்ற நின்ற இடத்திலேயே நின்றது.

பெண்கள் தங்கள் பாத்திகளை முடித்திருந்தார்கள். மைமூனா, “நமக்கென்னத்துக்கு ராத்தா, உட்டுட்டுப் போவம்” என்றாள்.

“நம்மட புள்ளைட சாமான்டி. அவ அந்தப் பெரிய மனுசர் முன்னுக்குத் தலகுனிஞ்சு நிக்கிறதப் பார்க்க ஏலுமா? எறங்குங்க எல்லாரும்.”

இறங்கினார்கள். தள்ளி வெளியே எடுத்தார்கள். மிச்ச உப்பைத் தங்கள் பலகைகளால் வாரிக் குவித்து, புதுமாப்பிள்ளையைக் கரையோரம் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தக் காசு எதற்கு வருகிறது என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பிள்ளைக்கு ஏதோ பரீட்சை என்று நினைத்தார்கள். திரும்பி வந்த அதிகாரிகள் துப்புரவான பாத்தியைப் பார்த்துக் கைதட்டினார்கள். நிஸ்ரின் ஓடிவந்து ராத்தாவைக் கட்டிப்பிடித்தாள். ராத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மாரி மழை தொடங்க முன் ஹாஜியார் பெண்களைக் கூப்பிட்டார்.

“ரெண்டாங் கட்டக் காசு கெடச்சிட்டு. அடுத்த பருவத்துக்கு மெஷின்தான். நீங்க வேற எடம் பாருங்க.”

அன்று பின்னேரமே ராத்தா என் வீட்டுக்கு வந்தார். “அன்ஸார் தம்பி, நீங்க சிங்களம் கதைப்பீங்க. அது செய்யல்ல, நாங்கதான் செஞ்சதெண்டு சொல்லணும். சொன்னா மெஷின நிப்பாட்டுவாங்கதானே?”

“ஓம் ராத்தா” என்றேன். நானும் அதை நம்பினேன்.

இயந்திர ஆராய்ச்சிக்கென்று புத்தளத்தில் வைத்திருந்த அலுவலகத்தில் அதிகாரி எங்களுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணீரும் தந்தார். நிஸ்ரினும் இருந்தாள். ராத்தா சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன். அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, காசு ஒதுக்கியாயிற்று, இனித் திருப்பி எடுக்க முடியாது, குறை இருந்தால் அதைத் திருத்துவதற்குத்தானே அந்தக் காசு என்றார்.

நிஸ்ரினின் முகம் செத்துப்போயிருந்தது. “எனக்கிட்ட ஏன் மாமி சொல்லல்ல?” என்றாள். பிறகு கதிரையை ராத்தாவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில், “எந்த எடத்துல பொதைஞ்சது?” என்று கேட்டாள்.

சொல்லாதீங்க ராத்தா என்று கத்த வேண்டும்போல இருந்தது எனக்கு. ஆனால் கேட்டது நம்மட பிள்ளை. ராத்தா மேசைமேல் கையை வைத்துக் காட்டினார்.

“கரையோரமா இல்ல மகள். நடுவுல, சேறு எளகின எடம். பின் சக்கரம்தான் மொதல்ல எறங்கிச்சு. பாரம் கூடிப்போச்சு.”

நிஸ்ரின் எழுதிக்கொண்டாள். அதிகாரி சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“அப்ப எங்கட வேலை?” என்றார் ராத்தா.

அதையும் சிங்களத்தில் சொன்னேன். ஆள் வைப்பதும் நிறுத்துவதும் முதலாளியின் காரியம், தங்கள் பொறுப்பு இயந்திரம் மட்டும்தான் என்றார் அவர். அதை நான் தமிழில் சொல்வேன் என்று ராத்தா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.