படித்துவிட்டுத்தான் கையெழுத்து

காலையில் வாட்ஸப்பில் ஓர் அழைப்பிதழ் வந்தது. எங்கள் ஆரணி ஜமாத், பெண்கள் முன்னேற்றக் கருத்தரங்கம் நடத்துகிறதாம். மேடையில் ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள். கீழே பொடி எழுத்தில், 'பெண்களுக்குத் தனி இடவசதி உண்டு.' முன்னேறப்போகிறவர்களுக்கு உட்கார இடமாவது கொடுத்தார்களே, அந்தப் பெருந்தன்மைக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

அதில் தலைவர் என்று போட்டோவில் சிரிக்கிறவரை எனக்கு நன்றாகவே தெரியும். அப்போது செயலாளர். என் நிக்காஹ் அன்று கல்யாணப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு பெண்கள் அறைக்கு வந்தவர் அவர்தான்.

அதற்கு முன் உஸ்தாபியைச் சொல்ல வேண்டும். ஓதிக்கொடுக்கிற ஆசிரியையை அப்படித்தான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் பத்துப் பெண்கள் அவரிடம் ஓதப் போவோம். மதரஸா அறைக்குப் பக்கத்தில் பட்டுக்குச் சாயம் காய்ச்சுவார்கள். இன்றும் அந்த நெடி அடித்தால் எனக்கு அரபி எழுத்துதான் ஞாபகம் வரும். உஸ்தாபி குர்ஆன் ஓதிக்கொடுப்பதோடு நிற்கவில்லை. நிக்காஹ் ஒப்பந்தத்தில் பெண்ணும் நிபந்தனை வைக்கலாம், மார்க்கம் கொடுத்த உரிமை அது என்பார். "படிச்சிட்டு கையெழுத்து போடுங்கடி. அழுதுகினே போடாதீங்க."

எனக்குக் கல்லூரி இரண்டாம் வருஷத்தில் நிக்காஹ். படிப்பை முடிக்க விடுவதாக மாப்பிள்ளை வீட்டார் ஒப்புக்கொண்டிருந்தார்கள். செயலாளர் நீட்டிய பதிவேட்டை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தேன்.

"ஜல்தி போடும்மா, எல்லாரும் காத்துகினு கீறாங்கோ."

படிப்பு நிபந்தனையைக் காணோம். "அத எழுதுங்க, போடறேன்" என்றேன். பிரியாணி அண்டாவை நான் கவிழ்த்துவிட்ட மாதிரி அவர் முகம் போனது. ஆனாலும் எழுதினார். நான் பட்டம் வாங்கி வக்கீலும் ஆனேன்.

ஆனால் நிக்காஹ் முடிந்த மறுவாரமே மதரஸாவில் பெண்கள் வகுப்புக்குப் பூட்டு. கூரை ஒழுகுகிறதாம், கொளுத்துகிற சித்திரையில்! பொய்யாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிகிறதா? உஸ்தாபி சேத்துப்பட்டுப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். என்னால் போன வேலை. நான் தேடிப் போகவில்லை, பரீட்சை இருந்தது.

இன்று மத்தியானம் தலைவரே போன் செய்தார். "நம்ம மதரஸால ஓதின பொண்ணு வக்கீலா கீறது ஜமாத்துக்கே பெருமை. நீங்களும் வந்து பேசணும்மா."

"உஸ்தாபி பேர நோட்டீஸ்ல போடுங்க, வரேன்."

"போட்டா போச்சு. அந்தம்மா பேரு இன்னா?"

காலையிலிருந்து தலைவரைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் உஸ்தாபி, அவ்வளவுதான்.

கூட ஓதியவர்களில் ஆறு பேரைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். அவர் அதட்டல், சிரிப்பு, புர்கா நிறம் வரை சொல்கிறார்கள். பெயர் மட்டும் ஒருத்திக்கும் தெரியவில்லை.