கல்முனைக்குடிக் கரையில் தானாக எரியும் விளக்கு

போர் முடிந்ததாக அறிவித்து இரண்டு மாதம் கழித்து, 2009 யூலையில் கல்முனைக்குப் போனேன். செய்தி எழுதப் பலமுறை போன பாதைதான். இம்முறை எழுத எதுவும் இல்லை. நண்பர் ரியாஸ் கூப்பிட்டார், போனேன். அவர் கொழும்பில் இரத்தம் தொடர்பான புற்றுநோய்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். சொந்த ஊர் கல்முனைக்குடி. அவருடைய அக்கா றஹீமா கழுத்தில் கட்டியோடு கொழும்புக்கு வந்து, துண்டெடுத்துச் சோதிக்கக் கொடுத்துவிட்டு, முடிவு வருமுன் ஊருக்குத் திரும்பிவிட்டார். முடிவு வந்தபின் தம்பியின் தொலைபேசி அழைப்பை எடுக்கவே இல்லை.

“நான் தனியப் போனா அவ கதைக்கமாட்டா. வெளியாள் ஒருத்தர் வந்தா தேத்தண்ணி ஊத்தாம இருக்கமாட்டா. அது கொதிக்கிற நேரம் எனக்குப் போதும்” என்றார் ரியாஸ்.

அதிகாலை நான்கு மணிக்குக் கொழும்பை விட்டோம். கண்டி, மஹியங்கனை, மகாஓயா, அம்பாறை வழியாக ஏறக்குறைய 360 கிலோமீற்றர். வான் வாடகை நாளுக்கு 4,500 ரூபாய், டீசல் தனி. மகாஓயாவுக்கு முன்னும் பின்னும் இரண்டு தடவை இறங்கி அடையாள அட்டை காட்டினோம். அதற்கப்பால் காட்டோரத்துக் காவலரண்கள் பல வெறுமையாகக் கிடந்தன. மணல்மூட்டைகளில் புல் முளைத்திருந்தது. ஆளில்லை என்று தெரிந்தும், ஒவ்வொன்றையும் கடக்கும்போது சாரதி வேகத்தைக் குறைத்தார். நாங்களும் பேச்சை நிறுத்தினோம்.

வழியில்தான் ரியாஸ் நோயை விளக்கினார். நிணநீர்ப் புற்றுநோயில் வேகமாக வளரும் வகை. நம் உடலில் கிருமிகளுக்கு எதிரான பொருளைச் செய்யும் வெண்குருதிக் கலங்கள் சில உண்டு. விதம்விதமான கிருமிகளுக்கு விதம்விதமாகச் செய்ய வேண்டியிருப்பதால், அவை தம்முடைய மரபணு இழையையே ஓரிடத்தில் வெட்டி மறுபடி பொருத்திக்கொள்ளும். கோடிக்கணக்கான தடவை சரியாக நடக்கும் வேலை. எப்போதாவது ஒரு கலத்தில், வெட்டுப்பட்ட முனை தவறான முனையோடு சேர்ந்துவிடும். எட்டாம் நிறமூர்த்தத்தின், அதாவது எட்டாம் குரோமோசோமின், துண்டு பதினான்காம் நிறமூர்த்தத்தில் போய் ஒட்டும். எட்டில் இருந்தது கலத்தை வளரச் சொல்லும் மரபணு; வேண்டியபோது மட்டும் விழித்து, மற்ற நேரம் தூங்குவது. பதினான்கில் அது போய் நிற்கும் இடமோ, அந்தக் கலங்களில் இடைவிடாமல் தூண்டப்படும் இடம். மரபணு பழுதாகவில்லை, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது. அதன்பின் அது தூங்குவதில்லை. அந்த ஒரு கலம் இரண்டாகும், நான்காகும், நிற்காது.

நான் நாற்பது ஆண்டுகளாகச் சாவைப் பற்றி எழுதுகிறேன். எதுவும் உடையாமல், எதுவும் குறையாமல், இடம் மாறியதனால் மட்டும் வரும் சாவைப் பற்றி அன்றுதான் கேட்டேன்.

பிற்பகல் மூன்றரைக்குக் கல்முனை. சாரதியை விடுதியில் தூங்கவிட்டு, ஆறரை மணியளவில் ஓட்டோ பிடித்தோம். எண்பது ரூபாய் பேசி ஏறினோம். கடற்கரைக்கு மூன்று தெரு இருக்கும்போதே ஓட்டோக்காரர் நிறுத்திவிட்டார்.

“அங்கால நான் வரல்ல சேர். இறங்கி நடங்க.”

“என்ன, ஜின்னு இரிக்கா?” என்று ரியாஸ் சிரித்தார்.

“ஜின்னெண்டாப் பரவால்லயே. ஜின்னுக்கு எதுக்கு பல்ப்?” என்றவர், கேட்காமலே இருபது ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.

நடந்தோம். சுனாமி வந்து நாலரை ஆண்டு ஆகியும் அந்தப் பக்கம் பெரும்பாலும் தரைகள்தான். சுவர் இல்லாத சிவப்புச் சீமெந்துத் தரைகள். எது குசினி, எது அறை என்று நிறத்தை வைத்துச் சொல்லலாம். ஒரு வளவில் இரும்புக் கேற் சங்கிலியும் பூட்டுமாக நின்றது. இரு பக்கமும் மதில் இல்லை. ரியாஸ் அதைச் சுற்றிப் போகாமல் ஒரு கணம் அதன் முன் நின்றார், யாராவது திறப்பார்கள் என்பதுபோல. கிழக்குக் கரையில் சூரியன் வயல் பக்கம் விழுவதால் கடல்தான் முதலில் இருளும். அலைச் சத்தம் இருந்தது, கடல் தெரியவில்லை.

அப்போது, கூரையில்லாத ஒரு வீட்டின் மிஞ்சிய ஒற்றை அறைக்குள் விளக்கு எரிந்தது.

உள்ளே யாரும் இல்லை. யன்னல் இருந்த ஓட்டை வழியே மஞ்சள் வெளிச்சம் மணலில் விழுந்தது. அந்தக் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று ரியாஸ் மெதுவாகச் சொன்னார். நான் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரியாஸ் மட்டும் விளக்கைப் பார்க்காமல் மேலே வயரைப் பார்த்தார். வயர் போன கம்பத்தைப் பார்த்தார். தெரு விளக்குகளும் அதே நேரம்தான் எரியத் தொடங்கியிருந்தன.

றஹீமாவின் வீடு அடுத்த தெருவில். தண்ணீர் நின்ற உயரம் கூடத்துச் சுவரில் இன்னும் கோடாகத் தெரிந்தது. கணவர் அந்தத் தண்ணீரில் போனவர். மகள் நஸ்ரின் எங்களுக்குக் கதிரை போட்டுவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றாள். றஹீமா முக்காட்டைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றியிருந்தார்; ஆனாலும் வலப்பக்கம் மேடு தெரிந்தது. ரியாஸ் எதிர்பார்த்ததுபோலவே றஹீமா தேத்தண்ணி வைக்க எழுந்தார். ரியாஸ் குசினி வாசலில் நின்றே சொன்னார், இது ஒரு மாதம் பொறுக்கிற கட்டி இல்லை, உடனே மருந்து ஏற்றினால் கரையும், இந்த வகையில் முழுதாகச் சுகப்பட்டவர்களும் உண்டு என்று.

“நஸ்ரின்ட நிக்காஹ் முடியட்டும். மறுவா எங்க வேணுமெண்டாலும் வாறன்” என்றார் றஹீமா.

இந்தக் கரையில் வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். குடி என்கிற குலத்தையும் தாய்வழியாகத்தான் எண்ணுவார்கள். அதனால் தாயின் நோயும் அதே வழியில் இறங்கும் என்று நஸ்ரினுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய் பயந்துபோயிருந்தார். றஹீமா கொழும்பில் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தால் பயம் உறுதியாகிவிடும். படுக்காவிட்டால் அது வெறும் வீக்கம்.

ஊர்க்கதையைக் கேட்டு உயிரை விடுவதா என்று ரியாஸ் குரலை உயர்த்தினார். றஹீமா அடுப்பைத் தணித்தார்.

“ஊரில்ல தம்பி. நீதான். உனக்கும் ஒரு மகன் இரிக்கான். தாய்மாமன்ட மகனுக்குத்தான் முதல் உரித்து. நீ கேக்கல்ல. நீ டொக்டர். டொக்டர் ஏன் கேக்கல்ல எண்டு மாப்பிள்ள ஊட்டாக்கள் யோசிப்பாங்கதானே? நானும் யோசிச்சன்.”

ரியாஸ் குசினிக்குள் வந்து அக்காவின் பக்கத்தில் நின்றார். பிறகு, மகன் தன்னோடு படித்த பிள்ளையை இரண்டு வருடத்துக்கு முன்பே பேசி வைத்துவிட்டதையும், அக்காவிடம் அதைச் சொல்ல வெட்கப்பட்டுக் கிடந்ததையும் சொன்னார். கட்டி வருவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னால்.

கடல் பக்கத்து யன்னல் சாத்தியிருந்தது. ரியாஸ் போய் அதைத் திறந்தார். றஹீமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“பாருங்க ராத்தா. அந்த பல்ப்ல பிழையில்ல. கடல் வந்து வயர அறுத்திச்சி. பொறகு அவசரத்துல கட்டினவங்க, ஊட்டு லைன்ல கட்டாம தெரு விளக்கு லைன்ல கட்டிப் போட்டாங்க. தெருவுக்குக் கறண்ட் வரக்குள்ள அதுவும் எரியிது. உங்கட கழுத்துலயும் இதான். ஒரு கலத்துல, ஒரு வயர் மாறிக் கட்டுப்பட்டிரிக்கி. தெரு விளக்காவது விடிய அணையும். இது அணையாது.”

“அப்ப நஸ்ரினுக்கு?”

“நஸ்ரின் பொறக்கக்குள்ள உங்கட வயர் அறுகவே இல்ல ராத்தா. அறுந்தது இப்ப. உங்களோட நிக்கும்.”

றஹீமா திரும்பி, யன்னல் வழியே அந்த விளக்கைப் பார்த்தார். தேத்தண்ணி பொங்கி அடுப்பில் வடிந்தது, யாரும் எடுக்கவில்லை. பிறகு, காலையில் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று கேட்டார். திரைக்குப் பின்னாலிருந்து நஸ்ரின், பை கட்டி மூன்று நாளாகிறது என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ரியாஸ் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். சாய்ந்தமருதில், பத்து நிமிட ஓட்டம். இதையெல்லாம் அங்கேயும் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏழரைக்கு நாங்கள் நால்வரும் சாரதியும் புறப்பட்டோம்.

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அடையாள அட்டை இல்லாமல் கிளம்ப வேண்டாம். காவலரண்களைப் படம் எடுக்க வேண்டாம், வெறுமையாக இருந்தாலும். அம்பாறைக்கு முன் நல்ல சாப்பாடு மகாஓயாவில்தான். கடற்கரைத் தரைகளில் நடப்பதென்றால் பகலில் நடங்கள். அவை இன்னும் யாருடையவோ வீடுகள், செருப்போடு குறுக்கே போகாதீர்கள். கட்டியோடு யாரையாவது அழைத்து வருவதென்றால், சோதனை முடிவு வந்த கிழமையே வாருங்கள்.

வான் பிடிக்க வசதியில்லாதவர்களுக்குக் கல்முனையிலிருந்து இரவு பஸ் இருக்கிறது. மாலை ஏழரைக்கு எடுத்து விடியுமுன் கொழும்பில் விடும், 520 ரூபாய். இதைச் சொன்னது பைசல் என்ற இளைஞர். ஒக்டோபரில், றஹீமாவுக்கு மூன்றாவது தடவை மருந்து ஏறிய நாள், பார்க்கப் போயிருந்தேன். கட்டி கரைந்திருந்தது, தலைமுடியும் போயிருந்தது. இன்னும் மூன்று தடவை பாக்கி. வாட்டு வாசலில் பஸ்ஸில் கசங்கிய சட்டையோடு பைசல் நின்றார். கையில் இரண்டு தம்பிலி இளநீர். நெருங்கிய உறவினரை மட்டும்தான் விடலாம் என்று தாதி மறித்தார். தாய்க்குத் தெரியாமல் சாய்ந்தமருதிலிருந்து வந்திருப்பதாகப் பைசல் அதற்கு முன் என்னிடம் சொல்லியிருந்தார்.

நோயாளிக்கு நீங்கள் யார் என்று தாதி கேட்டார்.

“மருமகன்” என்றார் பைசல்.