அச்சில் ஏறிய கேலி

"ஒரு நிமிஷம் அந்தப் புத்தகத்தைக் குடுங்க, இதுல வழி தப்பாப் போட்டிருக்கான்" என்று சொல்லும்போதே ஷவேஜியின் கை நீண்டுவிடும். எங்கள் கில்வா படகுத்துறைக்கு வந்து சேர்ந்த வெள்ளைக்காரர் முதுகில் இருக்கும் மூட்டையைக்கூட இன்னும் இறக்கியிருக்க மாட்டார். யாரோ நல்ல மனிதர் திருத்தம் சொல்ல வருகிறார் என்று நினைத்துக் கொடுத்துவிடுவார். ஷவேஜி பக்க எண் பார்ப்பதில்லை, விரல் தானாகப் போய் நிற்கும். சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்து, பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளை அடிப்பார். ஒரு கோடு போதாது. எழுத்து கண்ணுக்குத் தட்டுப்படாமல் போகும்வரை மேலும் கீழும் அழுத்தி இழுப்பார். தாள் ஊறி மறுபக்கம் மை தெரியும். வாயால் ஊதிக் காயவைத்து, மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பார். வழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

சிலர் சிரித்துவிட்டுப் போவார்கள். சிலர் இதற்கு ஏதாவது கொடுக்க வேண்டுமோ என்று தயங்கி நிற்பார்கள். ஒரு அம்மாள் மட்டும் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, துறை முழுக்கக் கேட்கும்படி திட்டித் தீர்த்தாள். ஷவேஜி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மறுநாள் வேறொருவரிடம் கையை நீட்டினார்.

ஆள் ஒட்டடைக்கம்பு உயரம். சட்டைப்பையில் பேனாவோடு எப்போதும் வறுத்த முந்திரி கொஞ்சம் கிடக்கும். எதிரே தீவில் பாழடைந்து கிடக்கும் பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டுவதுதான் தொழில். ஊர் பார்க்க வரும் விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே பேசுவார். கல்லும் வேருமாக இருக்கும் அந்த இடத்தில் ஒருநாளும் இடறியதில்லை. செத்துப் பல நூறு வருஷமான சுல்தான்களைப் பக்கத்துத் தெருக்காரர்களைப் போல வம்புக்கு இழுப்பார். "இந்த ஆளு இவ்வளவு பெரிய அரண்மனை கட்டினான். கட்டி முடிக்கிறதுக்குள்ள பொண்டாட்டிக்குக் காத்து பத்தலையாம், விட்டுட்டுப் போயிட்டான்" என்பார். அப்படி எந்த ஏட்டிலும் இல்லை. விருந்தாளிகள் சிரிப்பார்கள், அவருக்கு அது போதும். சிரிக்க ஆள் கிடைத்தால் ஷவேஜியின் வாய் சும்மா இருக்காது. அந்த வாயால்தான் கெட்டார்.

அந்த வழிகாட்டிப் புத்தகத்தில் எங்கள் ஊருக்கு ஒன்றரைப் பக்கம். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். கோட்டை வாசலில் படி வழுக்கும் என்று போட்டிருக்கிறது, வழுக்கும். தீவுக்குப் போக முதலில் அனுமதிச் சீட்டு வாங்கச் சொல்கிறது, வாங்கத்தான் வேண்டும். சந்தைக்குப் பின்னால் தேங்காய்ப்பால் ஊற்றிய பேய்க்கணவாய்க் குழம்பு கிடைக்கும் என்று ஒரு வரி. அந்தச் சோற்றுக்கடை மூடிப்போய் அங்கே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வந்து வெகுநாளாகிறது. குழம்பு எங்கே என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கடைக்காரர், இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அடுப்பும் வைத்துவிட்டார். குழம்பு சுமார்தான். அச்சில் வந்துவிட்டது என்பதற்காக ஊர் இப்படியெல்லாம் வளைந்து கொடுக்கிறது.

"பொய்ப் புத்தகம்னா தூக்கி அடுப்புல போட்டுடலாம். நெறைய நெசம் சொல்ற புத்தகமாப் போச்சு. அதனாலதான் அந்த ரெண்டு வரியையும் நம்புறானுங்க" என்பார் ஷவேஜி.

அந்த இரண்டு வரி முதலில் இப்படி இருந்தது: பச்சைப் பாய் கட்டிய படகின் சொந்தக்காரர் அத்துமானியைத் தவிர்க்கவும், நடுக்கடலில் படகை நிறுத்தி இரண்டு பங்கு கூலி கேட்பவர், பையில் கை வைப்பதிலும் கெட்டிக்காரர் என்று உள்ளூர் வழிகாட்டி ஷவேஜியே எச்சரிக்கிறார்.

அத்துமானி ஷவேஜிக்கு அத்தை மகன். அத்துமானியின் தங்கை சொமோயேயைத்தான் ஷவேஜி கட்டியிருக்கிறார். எங்கள் கடற்கரையில் மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரை ஒருவர் எவ்வளவு மட்டமாகவும் பேசலாம். பேசாவிட்டால்தான் ஏதோ மனஸ்தாபம் என்று ஊர் நினைக்கும். கோபம் மட்டும் வரக்கூடாது, வந்தவன் தோற்றவன். பேச்சோடு நிற்பதும் இல்லை. மச்சான் தட்டில் இருப்பதை எடுத்துத் தின்னலாம், கொடியில் காயும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகலாம். அதற்கு யாரும் திருட்டு என்று பேர் வைப்பதில்லை. ஒருமுறை அத்துமானி ஷவேஜி வளர்த்த சேவலையே பிடித்துக் குழம்பு வைத்து, அவரையே சாப்பிடக் கூப்பிட்டு, அவர் எலும்பைக் கடிக்கும் நேரமாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். இந்தக் கதையை ஷவேஜி இன்றும் எல்லோரிடமும் சொல்வார். 

புத்தகத்துக்கு எழுத வந்தவன் ஒல்லியான இளைஞன். எதைச் சொன்னாலும் தலையாட்டிக் கேட்பான், கேட்டுக் கேட்டுச் சிரிப்பான். ஷவேஜிக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. தீவில் இருந்து திரும்பி வந்தபோது, துறையில் அத்துமானி தன் படகில் ஊறிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். எதிரே மச்சான், பக்கத்தில் சிரிக்கக் காத்திருக்கும் ஆள். ஷவேஜி ஆரம்பித்துவிட்டார். அந்தப் பச்சைப் பாய்ப் படகில் மட்டும் ஏறிவிடாதீர்கள், நடுக்கடலில் நிறுத்திக் கூலியை இரட்டிப்பாக்குவான், பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அவன் அப்பனுக்கும் இதே பிழைப்புதான் என்று அடுக்கினார். எல்லாம் ஆங்கிலத்தில். அன்று அவருடைய ஆங்கிலம் தங்குதடையில்லாமல் ஓடியது. அத்துமானிக்கு அந்தப் பாஷையில் வணக்கம் சொல்ல மட்டும் தெரியும். தன் பேரும் சிரிப்புச் சத்தமும் காதில் விழுந்ததும் அவர் இறைப்பதை நிறுத்தி, இருவரையும் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். எழுத வந்தவனும் பதிலுக்குக் கையசைத்தான்.

புத்தகம் வெளிவந்த பிறகு ஒரு விருந்தாளி ஷவேஜிக்கு ஒன்றைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். தன் பேரை அச்சில் பார்த்த மனிதர் அதற்கு மேல் படிக்கவில்லை. கடுங்காப்பி விற்கும் பெருக்கமரத்தடிக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், பள்ளி வாத்தியாரிடம் நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி நம் பேச்சில் படித்துக்காட்டச் சொன்னார். வாத்தியார் படித்தார். மரத்தடியே குலுங்கியது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அத்துமானிதான். "டேய் மச்சான், ஒலகம் பூரா என்னைத் திருடனாக்கிட்டியே, இனிமே உள்ளூர்ல எதைத் திருடுறது" என்றார். அதற்குப் பிறகு அவர் ஷவேஜியை 'டேய்' என்று கூப்பிட்டதாக யாருக்கும் நினைவில்லை.

துறைக்கு வருகிற விருந்தாளிகள் பச்சைப் பாயைப் பார்த்தார்கள், புத்தகத்தைப் பார்த்தார்கள், அடுத்த படகுக்கு நகர்ந்தார்கள். அத்துமானி பாயை மாற்றி வெள்ளைத் துணி கட்டினார். அதன் பிறகு பேரைக் கேட்க ஆரம்பித்தார்கள். வேறு பேர் சொல்லிக்கொள் என்று மற்றப் படகுக்காரர்கள் யோசனை சொன்னதற்கு, அப்பா வைத்த பேருக்கு என்ன குறை என்று கேட்டுவிட்டார். ஷவேஜி தன் விருந்தாளிகளைக் கையைப் பிடிக்காத குறையாக அந்தப் படகுக்கே அழைத்துப் போய், இவன் என் மச்சான், தங்கமான ஆள், அன்று சொன்னது முறைக்கேலி என்று விளக்கிப் பார்த்தார். ஒருவர் இதைக் கேட்டுவிட்டு ஷவேஜியையே மேலும் கீழும் பார்த்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேறு வழிகாட்டியைத் தேடிப் போனார். கடைசியில் அத்துமானி படகை விற்றார். இப்போது கடல் வற்றும் நேரத்தில் கம்பியோடு பாறை இடுக்குகளில் பேய்க்கணவாய் குத்தப் போகிறார்.

புத்தகத்தைப் புதுப்பிக்க வந்த பெண்ணிடம் ஷவேஜி நாள் முழுக்க எடுத்துச் சொன்னார். அவளும் கவனமாகக் கேட்டாள். அடுத்த பதிப்பில் அந்த இடம் கொஞ்சம் சுருங்கி வந்தது. ஷவேஜி சொன்னார் என்ற பகுதியை எடுத்துவிட்டார்கள். அத்துமானியைத் தவிர்க்கவும் என்பதை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள். முன்பு ஒருவர் சொன்ன பேச்சாக இருந்தது இப்போது ஊரறிந்த உண்மையாகிவிட்டது. பேனா அதற்குப் பிறகு வந்ததுதான்.

மன்னிப்புக் கேட்கவும் ஒருநாள் போனார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. முறைக்கேலிக்கு மன்னிப்புக் கேட்டால், அது கேலி இல்லை, நிஜமாகவே சொன்னேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் மழை, மீன் என்று எதையோ பேசிக்கொண்டு வாசலில் நின்றார். கம்பியைத் தீட்டிக்கொண்டிருந்த அத்துமானி அவரைப் பார்த்ததும் எழுந்து, "ஷிகமோ" என்றார். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்று பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. இரண்டு பேருக்கும் ஒரே வயது. அதுவரை ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டதே கிடையாது.

"என்னடா, புதுசா மரியாதையெல்லாம்?" என்று ஷவேஜி சிரிக்கப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றார் அத்துமானி. "நீங்க என்னைத் திருடன்னு சொன்னதுல ஒண்ணுமில்ல. எங்கப்பனைச் சொன்னதுலயும் ஒண்ணுமில்ல. நான் உங்கப்பனைச் சொல்லாததா? ஆனா எனக்குத் தெரியாத பாஷையில சொன்னீங்க. நான் பதிலுக்கு ஒரு வார்த்தை திட்ட முடியாது பாருங்க, அந்த மாதிரி எடமாப் பாத்துச் சொன்னீங்க. நான் வேற அங்க நின்னு கையாட்டிட்டு இருந்தேன்."

ஷவேஜிக்கு மூன்று பாஷை தெரியும். அன்று மழை வரும்போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

அத்துமானி சண்டைக்கு வரவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை. வழியில் பார்த்தால் ஷிகமோ சொல்வார். வீட்டு விசேஷங்களுக்கு வந்து, போட்ட இடத்தில் உட்கார்ந்து, வைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஷவேஜிதான் அவரை வலியப் போய்ச் சீண்டுவார். "என்னடா கணவாய்த் திருடா, கடல்ல எதையாவது மிச்சம் வச்சியா?" என்று தெருவில் எல்லோர் முன்னாலும் கேட்பார். "அல்லாஹ் குடுத்தது போதுங்க" என்று அத்துமானி ஒதுங்கி வழிவிடுவார். வீட்டில் சொமோயேக்கு இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. எங்கண்ணன் வாயில் ஒரு வசவு வாங்குவதற்கு இப்படி நாயாக அலைகிறீர்களே, அன்றைக்கு அந்த வாயைக் கொஞ்சம் மூடியிருக்கக் கூடாதா என்று கேட்பாள். கேட்டுவிட்டு அவளே போர்த்திய கங்காத் துணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அண்ணன் வீட்டுக்குப் போனாலும் புருஷன் வீட்டில் இருந்தாலும் அவளுக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகிறது.

தொழிலிலும் ஷவேஜி மாறிப்போனார். செத்துப்போன சுல்தான்களை மட்டும்தான் இப்போது கிண்டல் செய்வார். உயிரோடு இருக்கும் யாரைப் பற்றிக் கேட்டாலும் "நல்ல ஆளுங்க" என்று ஒரே பதில். துறையில் நிஜமாகவே கூலியை ஏற்றிக் கேட்கும் படகுக்காரன் ஒருவன் இருக்கிறான். அவனையும் நல்ல ஆள் என்பார். அவரை நம்பி அந்தப் படகில் ஏறிய ஒரு ஜோடி திரும்பி வந்து சத்தம் போட்டது. இந்த விஷயத்தில் புத்தகத்தை நம்புவதும் ஷவேஜியை நம்புவதும் இப்போது ஏறக்குறைய ஒன்றுதான்.

புத்தகத்தோடு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. ஒரு பெண்ணிடம் ஷவேஜி அதையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்த வரி அங்கேயும் இருந்தது, படகே இல்லாத ஒரு படகுக்காரரைத் தவிர்க்கச் சொல்லிக்கொண்டு. பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டார். கண்ணாடியில் என்ன எழுதுவது? திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

போன நோன்புப் பெருநாளுக்கு அவர் ஒரு காரியம் செய்தார். தன் வசதிக்கு மீறித் தோல் செருப்பு ஒரு ஜோடி வாங்கினார். பளபளவென்று, அழகான வார் வைத்தது. பள்ளிவாசலில் அத்துமானியின் தேய்ந்த ரப்பர் செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடிப்பிடித்து, அதை ஒட்டினாற்போலக் கழற்றி வைத்தார். வெயில் நேராக விழும் இடம், யார் கண்ணிலும் படும். எந்த மச்சானும் இதை விட்டுவைக்க மாட்டான். போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு, சாயங்காலம் பெருக்கமரத்தடியில் எல்லோர் முன்னாலும் காலைத் தூக்கிக் காட்டினால் போதும். சொமோயே காலையிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்டுவிட்டாள். அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டால் பெருநாளும் அதுவுமாக வெறுங்காலோடு வருவீர்களா என்று கேட்டாள்.

"ஓடியே வருவேன்" என்றார் ஷவேஜி.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தது. ஷவேஜி உள்ளேயே நின்று, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கட்டித்தழுவி வாழ்த்துச் சொல்லி நேரத்தைக் கடத்தினார். கடைசி ஆளாக வெளியே வந்தார். ரப்பர் செருப்பு இல்லை. பக்கத்தில் வைத்த தோல் செருப்பும் அங்கே இல்லை. ஷவேஜியின் முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தார்.

செருப்பு சுவரோரமாக இருந்தது. தோல் காய்ந்து போகாமல் யாரோ நிழலில் எடுத்து வைத்திருந்தார்கள். மணலைத் தட்டித் துடைத்து, ஒரு பெரியவர் வெளியே வந்ததும் குனியாமல் காலை நுழைத்துக்கொள்ளும்படி, ஜோடியாக, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.  ஷவேஜி குனிந்து இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறிவிட்ட மணலில் வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார்.