கபடி டீமுக்குக் கேட்ட கையெழுத்து

போன வாரம் என் பேத்தி காலேஜுல கபடி ஆடும்போது ஒரு பொண்ணுக்குத் தலையில அடி. பி.டி. மாஸ்டர் அவ மூஞ்சில தண்ணி தெளிச்சு, மறுபடியும் ஆட இறக்கிவிட்டாரு. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில இன்னும் கண்ணு திறக்கல.

இன்னிக்கு டீம் பொண்ணுங்க வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டு ஒரு பேப்பர் நீட்டினாரு. கையெழுத்துப் போட்டாதான் வெளியூர் போட்டியாம்.

"சும்மா ஃபார்மாலிட்டி ஆயா. கீழ போடுங்க, போதும்."

எல்லாரும் நின்னுக்கினே போட்டாங்க. நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ, ஒரு வரியும் விடமாட்டேன். என்ன அடிபட்டாலும் காலேஜுக்குப் பொறுப்பில்லன்னு இருந்துது.

அதுக்கு அடியில நானே எழுதினேன்: "தலையில் அடிபட்டால் மறுபடி ஆட விடக்கூடாது. டாக்டரிடம் காட்டணும்." எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"இப்படி எழுதினா செல்லாது ஆயா."

"நீங்களும் பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க சார், செல்லும்."

போடல. பேத்தி பேரை அடிச்சிட்டாரு. கபடி கபடின்னு பாடி போறதுல அந்த டீம்ல அவளை மிஞ்ச ஆள் இல்ல.

பிள்ளையார்பாளையத்துல வீட்டுக்கு வந்ததும் அவ வாசல்ல செருப்பை உதறிட்டு, "மானத்த வாங்கிட்ட ஆயா"ன்னா.

நீங்களும் திட்டணும்னா கீழ கமெண்ட்ல திட்டுங்கப்பா. அவ என்கூடப் பேசமாட்டேன்னு கதவைச் சாத்திக்கினு இருக்கறா. முழுசா இருக்கறா இல்ல, அது போதும்.