ஜீப்புக்கு இறக்கிய சாய்ப்பு

ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. எனக்கு அந்தக் கிழமையைக் கண்டாலே ஆகாது. வாடகை அறையில் கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்யாணம் முடித்துத் தனி வீடு பார்த்துப் போய்விட்டார்கள். கல்யாணமான நான்தான் பிரம்மச்சாரி மாதிரி அங்கேயே கிடந்தேன். மனைவி தென்காசிப் பக்கம் பள்ளி ஆசிரியை. மாறுதல் வாங்கிக்கொண்டு வா என்றால், முதலில் ஊரைப் பார்க்கிறேன், பிடித்தால் எழுதிப் போடுகிறேன் என்பாள். கல்யாணம் ஆனதிலிருந்து இதே பதில்.

வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்த கிறுக்கில், பழைய ஜீப் வாங்கி, கூரைமேல் இரும்புச் சட்டமும் பலகையும் போட்டு, மடக்கி விரிக்கிற கூடாரம் ஒன்றை நானே கட்டினேன். ஏணி வைத்து ஏறிப் படுக்கலாம். ஓசூரை அடுத்த தளிப் பக்கத்துக் குளிரில் ஒரு நாள் இப்படித் தங்கினால் அவளுக்கு ஊர் பிடித்துவிடும் என்று நம்பினேன். போனில் சொன்னபோது சிரித்தாள்.

"மேல ஏறிப் படுக்கது இருக்கட்டும். பகல்ல வெயில்ல குத்தவச்சா சோறு பொங்கச் சொல்லுதீக? ஒரு நெழலு போடுங்க, மே மாசம் வாரேன்."

அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. லாரிக்குப் போடுகிற தார்ப்பாயில் ஒரு துண்டு வாங்கி, விளிம்பை மடித்துக் கோணி ஊசியால் தைத்தேன். ஒரு பக்கத்தைக் கூடாரச் சட்டத்தில் கட்டி, மறு பக்கத்துக்கு இரண்டு குழாய்க் கால் கொடுத்தேன். எங்கள் ஊரில் வீட்டு முன்னால் இறக்குகிற சாய்ப்பு மாதிரிதான். தளிச் சாலையோரம் முதல் தடவை கட்டிப் பார்த்தபோது சரிவு வைக்கத் தோன்றவில்லை. தூறல் தண்ணீர் நடுவில் தொப்பை போட்டு, மொத்தமாக என் சோற்றுத் தட்டில் இறங்கியது. திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த வாரம் அந்தக் கால்களைக் கொஞ்சம் குட்டையாக அறுத்தேன்.

சாய்ப்பு சரியாக நின்றதும் வேறு தொல்லை வந்தது. சாலையோரம் வண்டி, வண்டியை ஒட்டி நிழல், நிழலில் அடுப்பு. போகிறவர்கள் கடை என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் கன்னடத்தில் டீ கேட்டார். இன்னொருவர் தெலுங்கில் இட்லி கேட்டார். கடை இல்லை என்று எரிந்து விழுந்தேன். பிறகு ஒரு நாள் பகல் முழுக்க யாருமே நிற்காமல் போனார்கள். அன்றுதான் அவர்கள் நிற்பது எனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று தெரிந்தது. அதற்கப்புறம் டீத்தூளும் பாலும் கூடுதலாகவே எடுத்துப்போனேன்.

மே மாதத்துக்காக இரண்டு மடக்கு நாற்காலி வாங்கினேன். அவளுடையதில் யாரையும் உட்காரவிடவில்லை. ஏப்ரல் கடைசியில் அவளே போன் செய்தாள். அவளைத் தலைமையாசிரியை ஆக்கியிருக்கிறார்களாம். விடுமுறையிலும் வேலை இருக்கிறது, வர முடியாது, இனிமேல் மாறுதலும் கேட்கப் போவதில்லை என்றாள். ரொம்ப சந்தோஷம் என்றேன்.

அந்த ஞாயிறும் தளிச் சாலைக்குப் போனேன். பழக்கதோஷத்தில் இரண்டு நாற்காலியையும் விரித்துவிட்டேன். பூ மூட்டையோடு மொபெட்டில் வந்த கணவனும் மனைவியும் நிறுத்தி டீ கேட்டார்கள். போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே குடித்த அந்த அம்மாள், காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரம்மா இல்லீங்களா?"

"ஊருக்குப் போயிருக்கா. அடுத்த வாரம் வந்துருவா" என்றேன்.

அப்படியானால் அடுத்த வாரம் அவங்க கையால் டீ குடிக்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

அடுத்த ஞாயிறு நான் தளிப் பக்கம் போகவில்லை. ஓசூரிலிருந்து வேறு திசையில், காவேரிப்பட்டினம் தாண்டி, யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு சாலையோரத்தில் சாய்ப்பை இறக்கி, இரண்டு நாற்காலியையும் விரித்தேன்.